கோலுக்குப் பின்னால் நின்றவர்

போஹுமில் எங்கள் அகதி விடுதிக்கு வந்த அன்று அவனிடம் ஒரேயொரு நீளப் பைதான் இருந்தது. மாற்று உடுப்பு இல்லை. பல் துலக்கத் தூரிகைகூட இல்லை. பைக்குள் அடியில் இரும்புத் தகடு வைத்த சப்பாத்து ஒரு சோடி, நுனி வளைந்த மட்டைகள் இரண்டு, வியர்வை மணம் ஊறிய ஒரு சட்டை. எண்பத்தைந்தாம் ஆண்டு தை மாதம். வெளியே முழங்கால் வரை பனி.

விடுதி என்றால் மாணவர் குறைந்து மூடப்பட்ட ஒரு பள்ளிக்கூடம். சவுவர்லாந்து மலைகளுக்கு நடுவில், பேருந்து நாளுக்கு நாலு தடவை வரும் ஊர். வகுப்பறைக்கு ஒரு குடும்பம். எனக்கும் என் கணவர் அரியரத்தினத்துக்கும் மூன்றாம் வகுப்பு கிடைத்திருந்தது. கரும்பலகையைக் கழற்றாமல் விட்டிருந்தார்கள். எண்பத்து மூன்றில் கொழும்பில் என் அண்ணனையும் இருந்த வீட்டையும் இழந்து, கிழக்கு பெர்லின் வழியாக வந்து சேர்ந்தவர்கள் நாங்கள். வேலை செய்ய அனுமதி இல்லை. மாவட்ட எல்லையைத் தாண்டவும் அனுமதி இல்லை. ஆகவே நான் அந்தப் பலகையில் நாளுக்குப் பத்து ஜெர்மன் சொல் எழுதிப் பாடமாக்கினேன். இவர் கட்டிலில் படுத்தபடி அதைப் பார்த்துக்கொண்டிருப்பார்.

"நீர் படியும், நேசம். வழக்குத் தோத்துத் திருப்பி அனுப்பேக்கை பிளேனிலை தேத்தண்ணி கேக்க உதவும்," என்று என் பெயர் சொல்லிச் சீண்டுவார்.

போஹுமிலைப் பற்றி முதலில் விசாரித்து வந்தவன் யோகலிங்கம். எதிர் அறையில் இருந்த தனிக்கட்டைகளில் வாய்க்காரன்.

"அக்கா, உவன் செக் நாட்டுக்காரன். ஐஸ் ஹொக்கி விளையாடுறவனாம். சம்பளத்துக்கு!"

"விளையாடுறதுக்கு ஆர் சம்பளம் குடுக்கிறது?" என்றார் இவர்.

"வேலை செய்யாமல் இருக்கிறதுக்கு உங்களுக்கு மாசாமாசம் தரேல்லையே அண்ணை? அது மாதிரித்தான்."

போஹுமில் என்ற பெயர் ஒரு வாரத்திலேயே எங்கள் வாயில் 'பூமி' ஆகிவிட்டது. அவனும் அதற்குத் திரும்பிப் பார்த்தான். இருபத்தேழு வயது. தன் நாட்டின் முதல் பிரிவில் முன்வரிசை ஆட்டக்காரன். அதாவது கோல் போடுவதற்கென்றே ஓடுபவன். அணியோடு ஜெர்மனிக்கு ஒரு நட்புப் போட்டிக்கு வந்தவன், மற்றவர்கள் ஹோட்டலில் காலைச் சாப்பாட்டுக்கு இறங்கிய நேரம் பின்கதவால் நடந்து போலீஸ் நிலையத்துக்குப் போய்விட்டான். ஏன் உடுப்புப் பெட்டியை விட்டுவிட்டு வந்தாய் என்று நான் கேட்டேன். எல்லோருக்கும் பொதுவாக இருந்தது உடைந்த ஜெர்மன்தான்.

"பெட்டியோடு போனால் ஓடுகிறான் என்று பிடிப்பார்கள். சப்பாத்துப் பையோடு போனால் பயிற்சிக்குப் போகிறான் என்று கும்பிட்டு விடுவார்கள்," என்றான்.

ஓடி வந்தவனுக்கு ஒரு தண்டனை காத்திருந்தது. கிளப்பின் அனுமதி இல்லாமல் நாட்டை விட்டு வந்த ஆட்டக்காரன் பதினெட்டு மாதம் உலகில் எந்த அணிக்கும் ஆடக் கூடாது என்பது விளையாட்டுச் சம்மேளனத்தின் சட்டம். அடுத்த வருஷம் ஆடி மாதம் வரை அவன் காத்திருக்க வேண்டும். எங்கள் மாவட்டத்தில் ஐஸ் அரங்கும் இல்லை.

"ஆறு மாதம் ஆடாவிட்டால் கால் மறந்துவிடும். பதினெட்டு மாதம் ஆடாவிட்டால் கிளப்புகள் மறந்துவிடும்," என்றான் பூமி. சொல்லிவிட்டுச் சிரித்தான். ஆனால் அன்று முதல் விடியற்காலையில் மாடிப்படியில் அவன் ஏறி இறங்கும் சத்தம்தான் எங்களை எழுப்பியது. நூறு தடவை ஏறுவான். யோகலிங்கம் போர்வைக்குள்ளிருந்து எண்ணி, வேண்டுமென்றே பிழையாகக் கத்துவான்.

பங்குனியில் பனி கரைந்து பள்ளி முற்றம் வெளியே தெரிந்தது. பூமி இரண்டு குப்பைத் தொட்டிகளை ஆறு அடி இடைவெளியில் வைத்தான். அதுதான் கோல். டென்னிஸ் பந்துகளை மட்டையால் அதற்குள் அடித்தான். முற்றம் ஓடைப் பக்கம் சரிந்திருந்ததால் கோலுக்குள் போன பந்து நிற்காமல் ஓடைக்குள் விழுந்து ஊரை விட்டுப் போனது. முதல் நாளிலேயே நாலு பந்து போய்விட்டது.

மூச்சிரைக்கச் சமையலறைக்கு வந்தான். அங்கே எங்கள் ஆட்கள் பருப்புக்கு வெங்காயம் உரித்துக்கொண்டிருந்தார்கள். தனக்கு என்ன வேண்டும் என்று ஜெர்மனில் சொல்லத் தெரியாமல், நடு அறையில் முழங்கால் மடித்துக் குந்தினான். இரண்டு உள்ளங்கைகளையும் விரித்து நெஞ்சுக்கு முன்னால் பிடித்தான்.

யோகலிங்கம் துள்ளி எழுந்தான். "அரியம் அண்ணை! உது உங்கடை இருப்பெல்லே!"

என் கணவர் பள்ளிக்கூடத்துக் கிரிக்கெட் அணியில் மூன்று வருஷம் விக்கெட் காப்பாளராக இருந்தவர். எங்களுக்குக் கல்யாணம் பேசியபோது, மாப்பிள்ளைக்கு வலக்கைச் சின்னவிரல் கோணல் என்று தரகர் சொன்னார். அது எதனால் என்று சொல்லவில்லை. கல்யாணத்துக்குப் பிறகு ஒவ்வொரு பந்தாக நான் கேட்டறிந்தேன். ஒன்றரை வருஷமாகக் கட்டிலில் படுத்துக் கரும்பலகையைப் பார்த்துக்கொண்டிருந்தவர், பூமி குந்தியிருந்த விதத்தைக் கண்டதும் வெங்காயத்தை வைத்துவிட்டுக் கை கழுவினார்.

முற்றத்தில் தொட்டிகளைச் சுற்றி நடந்து பார்த்தார். தலையை ஆட்டினார். மண் நிரப்பிய பெயின்ட் தகரங்களில் மூன்று விளக்குமாற்றுக் கம்புகளை நட்டு, இரண்டு ஓரத்திலும் நடுவிலுமாக வைத்தார். பிறகு அந்தக் கோலுக்குப் பின்னால் போய், நாலு எட்டுத் தள்ளி, வடிவாகக் குந்தினார்.

பூமி சிரித்தான். வந்து கையைப் பிடித்து முன்னால் இழுத்தான். இவர் அசையவில்லை.

"ஏலாது," என்றார்.

நானும் யோகலிங்கமும் சமாதானம் பேசப் போனோம்.

"அண்ணை, அவன் முன்னாலை நிக்கச் சொல்லுறான். பந்தைத் தடுக்கோணுமாம்."

"விக்கெட்டுக்கு முன்னாலை ஆராவது நிப்பினமோ? காலிலை பட்டால் எல்பிடபிள்யூ. அவுட்."

"உது கிரிக்கெட் இல்லை அண்ணை!"

"பந்து இருக்கு, மட்டை இருக்கு, விக்கெட் இருக்கு. பேந்தென்ன?"

"விக்கெட்டை நீங்களெல்லோ கொண்டுவந்து வைச்சனீங்கள்!"

இவர் அதைக் காதில் போட்டுக்கொள்ளவில்லை. பூமிக்குக் கையால் சைகை காட்டினார்: வா, அடி. பூமி தோளைக் குலுக்கிவிட்டு அடித்தான். பந்து தொட்டிகளுக்கு நடுவால் வந்தது. இவர் இடப்பக்கம் சாய்ந்து ஒற்றைக் கையால் பிடித்து, பந்தை மேலே எறிந்து, மலை எதிரொலிக்கக் கத்தினார். கிரிக்கெட்டில் நடுவரிடம் 'அவுட்தானே' என்று கேட்கிற அந்தக் கத்தல்தான். பக்கத்து வீட்டு நாய் குரைத்தது. பூமி மட்டையைக் கீழே வைத்துவிட்டுக் கை தட்டினான். பந்து ஓடைக்குப் போகவில்லை என்பதுதான் அவனுக்குப் பெரிய விஷயம்.

அப்படித் தொடங்கியது. ஒரு மாதம் கழித்து பூமி எங்கள் கரும்பலகையில் ஐஸ் மைதானத்தை வரைந்து, கோல் காப்பாளன் நிற்கும் இடத்தில், கோலுக்கு நேர் முன்னால், ஒரு தடித்த மனிதனைப் போட்டுக் காட்டினான். இவர் வெகுநேரம் பார்த்தார்.

"சரி. அவையள் தங்கடை பிழையைத் தாங்கள் செய்யட்டும்," என்றார். இடம் மாறவில்லை. பூமியும் பிறகு கேட்கவில்லை. ஏனென்றால் அதற்குள் இருவருக்கும் ஒரு முறை வந்துவிட்டது. பூமி மட்டையை ஓங்கும் கடைசி நொடியில் இவர் கைகளை ஒரு பக்கம் நீட்டுவார். 'ஓஃப்' என்றால் ஒரு ஓரக் கம்பு, 'லெக்' என்றால் மற்ற ஓரம், 'மிடில்' என்றால் நடு. அந்தக் கம்பில் பந்து படவேண்டும். முதலில் முப்பது பந்துக்கு இரண்டு பட்டது. கோடை முடியும்போது இருபது பட்டது. தேவாலயத்திலிருந்து வந்த பழைய சாமான் பெட்டிக்குள் அடுப்பிலிருந்து சூட்டுத் தட்டு எடுக்கிற தடித்த கையுறை ஒரு சோடி கிடைத்தது, ஒவ்வொன்றிலும் ஒரு சிவப்புச் சேவல் படம். நான் உள்ளே ஸ்பொஞ்ச் வைத்துத் தைத்துக் கொடுத்தேன். பூமி கம்பைப் பார்ப்பதை விட்டு அந்தச் சேவல்களைப் பார்த்து அடிக்கத் தொடங்கினான்.

எங்கள் விடுதிக் காவலர் பிரிங்க்மன், பந்து விளையாடத் தடை என்று வாரத்துக்கு ஒரு அறிவித்தல் ஒட்டுவார். அந்த மார்கழியில் பூமி முற்றத்தில் குழாயால் தண்ணீர் விட்டு ஒரே இரவில் முற்றத்தை ஐஸ் ஆக்கினான். காலையில் பிரிங்க்மன் வந்தார். முகம் சேவலைவிடச் சிவப்பு. கத்துவதற்கு வாயைத் திறந்தவர், பூமி ஒரு காலில் வளைந்து திரும்பி பின்பக்கமாகச் சறுக்கிப் போவதைக் கண்டு, வாயை மூட மறந்து நின்றார். ஒரு மணி நேரம் நின்றார். மறுநாள் தன் காரில் இன்னும் நீளமான குழாய் ஒன்றைக் கொண்டுவந்து படிக்கட்டடியில் போட்டார்.

"யாராவது கேட்டால் நான் எதையும் பார்க்கவில்லை," என்றார்.

அன்று முதல் உண்மையான பக், அந்தக் கறுப்பு ரப்பர் வட்டு, கல்லு மாதிரி வந்தது. இவர் மூன்று காற்சட்டைக்கு மேல் மழைச் சப்பாத்து போட்டுக்கொண்டு குந்தினார். கால் முழுக்க நீலம். நான் எண்ணெய் தேய்க்கும்போது ஒவ்வொரு காயத்தையும் தொட்டு, "இது லெக். இது ஓஃப். இது என்ரை பிழை," என்று கணக்குச் சொல்லுவார். அந்த வருஷம் அவர் ஒரு நாளும் பகலில் படுக்கவில்லை.

எண்பத்தாறு ஆடியில் தடை முடிந்தது. நாற்பது கிலோமீட்டர் தள்ளி, அடுத்த மாவட்டத்தில், இரண்டாம் பிரிவில் ஆடும் ஒரு கிளப்பிலிருந்து கடிதம் வந்தது. பூமி அதை எங்கள் அறைக்குக் கொண்டுவந்தான். நான் அகராதி வைத்துப் படித்துச் சொன்னேன். ஆவணி மாதம் ஒரு நாள் தேர்வு. முன்வரிசையில் ஓர் இடம் இருக்கிறது. வருபவர்கள் மூன்று பேர்.

"கிடைக்காவிட்டால்?" என்று இவர் கேட்டார்.

"ஸ்க்ரூ தொழிற்சாலை," என்றான் பூமி. இந்தமுறை சிரிக்கவில்லை. "எனக்கு இருபத்தெட்டு முடிகிறது. இந்த வருஷம் ஒருவன் எழுதியிருக்கிறான். அடுத்த வருஷம் ஒருவனும் எழுதமாட்டான்." பிறகு தமிழில், "அண்ணை, நீங்கள் வாறியளோ?" என்றான். எங்கள் பொடியன்களிடம் பழகிய தமிழ்.

மாவட்ட எல்லை தாண்ட வெளிநாட்டவர் அலுவலகத்தில் அனுமதி எடுக்க வேண்டும். பூமியின் கடதாசிகளைக் கிளப் பார்த்துக்கொண்டது; எங்களுடைய விண்ணப்பத்தை நான்தான் நிரப்பினேன். பயணத்தின் காரணம் என்ற கோட்டில் நெடுநேரம் பேனா நின்றது. தொழில் என்று எழுதினால் எங்களுக்குத் தொழில் தடை. உறவினர் என்று எழுதினால் பொய். கடைசியில் நடந்ததையே எழுதினேன்.

அலுவலக அம்மா கண்ணாடியைப் போட்டு, கழற்றி, மறுபடி போட்டு வாசித்தார். "'ஐஸ் ஹொக்கி ஆட்டக்காரர் ஒருவரின் கோலுக்குப் பின்னால் இருப்பதற்காக.' பின்னால் என்றா எழுதியிருக்கிறீர்கள்? முன்னால் இல்லையா?"

"பின்னால்தான்," என்றேன். "அவருடைய கொள்கை அது."

"நீங்கள் எதற்கு?"

"அவருக்கு ஜெர்மன் வராது. நான் மொழிபெயர்ப்பாளர்."

அந்த அம்மா இவரை மேலும் கீழும் பார்த்தார். இவர் ஒன்றும் விளங்காமல் தலையை ஆட்டிப் புன்னகைத்தார். இரண்டு பேருக்கு, ஒரு நாள், இரவு எட்டு மணிக்குள் திரும்ப வேண்டும் என்று முத்திரை விழுந்தது.

பிரிங்க்மன் தன் காரில் கொண்டுபோனார். அந்தப் பக்கம் ஒரு வேலை இருக்கிறது என்றார். என்ன வேலை என்று இன்றுவரை தெரியாது. யோகலிங்கம் வாசலில் நின்று, "பூமி அண்ணை, வெண்டு வராட்டில் படலை திறக்கமாட்டம்!" என்று கத்தினான்.

வெளியே ஆவணி வெயில் கொளுத்தியது. இவர் மெல்லிய வெள்ளைச் சட்டையும் செருப்பும். நான் நூல் சேலை. உள்ளே போனதும்தான் ஐஸ் அரங்கில் கோடை கிடையாது என்று தெரிந்தது. பத்து நிமிஷத்தில் என் பல் தந்தியடித்தது. பிரிங்க்மன் காரிலிருந்து நாய்ப் போர்வை ஒன்றைக் கொண்டுவந்து தந்தார். நானும் இவரும் அதற்குள் ஒண்டிக்கொண்டு இருந்தோம். இவர் மடியில் சேவல் கையுறைகள் இருந்த கடைப் பை. தன்னையும் கூப்பிடுவார்கள் என்று அவருக்கு உள்ளூர ஒரு எண்ணம்.

மற்ற இருவரில் ஒருவன் அந்த ஊர்ப் பையன், மற்றவன் கனடாக்காரன். காலையில் எல்லோரும் கலந்து ஆடினார்கள். ஓட்டத்தில் பூமியிடம் ஒரு குறையும் இல்லை. ஆனால் அவன் அடித்த ஒவ்வொரு பக்கும் நேராகக் கோல் காப்பாளனின் நெஞ்சில் போய் விழுந்தது, ஏதோ தபால் கொடுப்பதுபோல. அந்தக் காப்பாளன் அலுமாரி மாதிரி ஒரு மனிதன். பயிற்சியாளர் தாளில் எதையோ எழுதி எழுதி வெட்டினார்.

மத்தியானம் கடைசிச் சோதனை. ஆளுக்குப் பத்துத் தடவை, காப்பாளனுக்கு எதிரே தனியாகப் போய் அடிக்க வேண்டும். ஊர்ப் பையன் மூன்று போட்டான். கனடாக்காரன் நாலு. பூமி போனான். ஒன்று நெஞ்சில். இரண்டு நெஞ்சில். மூன்றாவது காலில். நாலாவது மறுபடி நெஞ்சில்.

பூமி சறுக்கிக்கொண்டு நாங்கள் இருந்த பக்கத்து வேலிக்கு வந்தான். தண்ணீர் குடிக்கிற மாதிரிப் போத்தலைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு அவசரமாகச் சொன்னான்: "எனக்குக் கோல் தெரியவில்லை. அந்த மனிதன்தான் தெரிகிறான். ஒன்றரை வருஷம் எனக்கு முன்னால் ஒருவரும் நிற்கவில்லையே!"

நான் மொழிபெயர்த்தேன். இவர் முகம் வெளுத்தது. குளிரால் அல்ல.

"நேசம்," என்றார். "இது என்னாலை வந்தது. அண்டைக்கு அவன் கையைப் பிடிச்சு இழுக்கேக்கை முன்னாலை போயிருக்கோணும். எல்பிடபிள்யூ எண்டு நிண்டிட்டன். ஒரு பொடியன்ரை சீவியத்தைப் பழுதாக்கிப் போட்டன்."

"இஞ்சருங்கோ, இப்ப என்ன செய்யிறது..."

பக்கத்தில் பார்த்தால் போர்வைதான் இருந்தது. இவர் செருப்புச் சத்தம் எழும்ப இருக்கைகளுக்கு நடுவால் ஓடிக்கொண்டிருந்தார். கோலுக்குப் பின்பக்கம், மைதானத்தைச் சுற்றி நிற்கும் தடித்த கண்ணாடிக்கு அப்பால், வெறும் பியர் போத்தல் பெட்டிகள் அடுக்கியிருந்தன. மூன்று பெட்டியை ஒன்றின்மேல் ஒன்றாக வைத்தார். ஏறினார். சேவல்களைக் கையில் மாட்டினார். வெள்ளைச் சட்டையோடு, அந்தக் குளிரில், முழங்கால் மடித்துக் குந்தினார்.

பூமி கண்டான். நான் இருந்த இடத்திலிருந்தே அவன் தோள் இறங்கியது தெரிந்தது. அவன் புறப்பட்டு வந்தபோது இவர் கைகளை ஒரு பக்கம் நீட்டினார். "லெக்!" என்ற சத்தம் கூரையில் மோதியது. காப்பாளன் திடுக்கிட்டுத் திரும்பிப் பார்த்தான். பக் வலைக்குள் கிடந்தது.

பயிற்சியாளர் விசில் ஊதினார். "அது செல்லாது! யார் அந்த மனிதன்?"

"என்னுடைய காப்பாளர்," என்றான் பூமி.

"காப்பாளன் கோலுக்கு முன்னால் நிற்கிறான்!"

"அது உங்களுடையவன். இது என்னுடையவர்."

பிரிங்க்மன் வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தார். பயிற்சியாளருக்குச் சிரிப்பு வரவில்லை. இவரை உடனே இறங்கச் சொன்னார். நான் எட்டி நின்று மொழிபெயர்த்தேன். "இறங்கட்டாம்!"

இவர் இறங்கினார். ஆனால் இறங்குமுன் கையுறைகளைக் கழற்றி, மேல் பெட்டியில் நின்ற இரண்டு வெறும் போத்தல்களின் கழுத்தில் ஒவ்வொன்றாக மாட்டிவிட்டு வந்தார். கண்ணாடிக்குப் பின்னால் இரண்டு சிவப்புச் சேவல்கள் மைதானத்தைப் பார்த்தபடி நின்றன. போத்தலுக்கு எதிராகப் பயிற்சியாளரிடம் சட்டம் இல்லை.

ஐந்தாவதைப் பூமி திரும்ப அடித்தான். கோல். ஆறாவதும் கோல். ஏழாவதைக் காப்பாளன் காலை நீட்டித் தடுத்தான். எட்டாவது உள்ளே. ஒன்பதாவது கம்பத்தில் பட்டு, இவர் 'ஐயோ' என்று முடிக்குமுன் உள்ளே விழுந்தது. அதோடு நாலு. கனடாக்காரன் எழுந்து வந்து வேலியில் சாய்ந்து நின்றான். எனக்குக் குளிர் மறந்துவிட்டது. இவர் என் கையைப் பிடித்திருந்தார். அந்தக் கோணல் விரல் என் உள்ளங்கையில் குத்தியது.

பூமி பத்தாவதுக்கு வந்தான். மெதுவாக வந்தான். தலை நிமிர்ந்திருந்தது. காப்பாளனின் தோளுக்கு மேலால், வலைக்கும் கண்ணாடிக்கும் அப்பால் பார்த்தான்.

"ஓஃப்," என்றார் இவர், எனக்கு மட்டும் கேட்க.

ஓஃப்தான். பக் வலையின் அந்த ஓரத்தில் பட்டு, வலை ஒருமுறை ஊதி அடங்கியது.

பயிற்சியாளர் தாளை மடித்துச் சட்டைப் பையில் வைத்தார். பூமியிடம் வந்து ஏதோ சொன்னார். பூமி வேலியைத் தாண்டி, இரும்புச் சப்பாத்தோடு படிகளில் தடதடவென்று ஏறி வந்து, இவரைப் போர்வையோடு தூக்கினான்.

"விடடா, விடடா, விழுந்தால் எலும்பு முறியும்," என்றார் இவர். "அவர் என்ன சொன்னவர்?"

"ஒரு வருஷ ஒப்பந்தம்," என்றான் பூமி. "போத்தல்களையும் விட்டுவிட்டுப் போகட்டாம்."

வழியில் பிரிங்க்மன் காரை நிறுத்தி எல்லோருக்கும் உருளைக்கிழங்குப் பொரியல் வாங்கித் தந்தார். அதனால் மாவட்ட எல்லைப் பலகையைத் தாண்டும்போது எட்டு மணிக்கு இரண்டே நிமிஷம் இருந்தது. பூமி பின்கண்ணாடியால் அந்தப் பலகைக்குக் கை காட்டினான்.

முதல் பருவத்தில் பூமி முப்பத்தொரு கோல் போட்டான். அந்த அரங்கில் கோலுக்குப் பின்னால் போத்தல்களும் சேவல்களும் அப்படியே நின்றன. முதலில் ரசிகர்கள் ஏன் என்று கேட்டார்கள். பிறகு தாங்களே சேவல் தொப்பி போட்டுக்கொண்டு வந்தார்கள். எதிரணி ஆட்கள் சேவல் மாதிரிக் கூவிக் கேலி செய்வார்கள் என்று பூமி வந்து சொல்வான். "நல்லாக் கூவட்டும், அவையளுக்கு விடியப் போகுது," என்பான் யோகலிங்கம். எங்களுக்கு எண்பத்தெட்டில்தான் அகதி அந்தஸ்து கிடைத்தது. அனுமதிச் சீட்டு இல்லாமல் எல்லையைத் தாண்டி நாங்கள் போன முதல் இடம் அந்த ஐஸ் அரங்கு. இரண்டு பேருமே தடித்த கோட்டு. அன்று பூமி ஒரு கோலும் போடவில்லை. "நாங்கள் டிக்கெட் எடுத்துப் போனதுதான் பிழை," என்றார் இவர்.

அடுத்த வருஷம் முதல் பிரிவுக் கிளப் ஒன்று அவனை எடுத்தது. சேவல்களில் ஒன்று அணியின் பேருந்தில் தொலைந்துபோனது. மற்றதைப் பூமி திருப்பித் தந்தான். அதைக்கொண்டுதான் இன்றும் நான் அடுப்பிலிருந்து தட்டு எடுக்கிறேன். எண்பத்தொன்பது மார்கழியில், அவன் நாட்டின் எல்லைகள் திறந்தபின், அவனுடைய அம்மா ஆட்டம் பார்க்க வந்தார். எங்களுக்குப் பக்கத்தில் இருந்தவர், ஆட்டம் முடிந்ததும் மகனை விட்டு இவரிடம் ஒரு கேள்வி கேட்கச் சொன்னார். என் மகனுக்காகக் கால் முழுக்க அடி வாங்கினீர்களாமே, அடிதான் வாங்குவதென்றால் முன்னால் வந்தே நின்றிருக்கலாமே என்று.

"அம்மாவுக்குக் கிரிக்கெட் தெரியாது," என்றார் இவர் மரியாதையாக.

இவர் போன மார்கழியில் காலமானார். நகரக் கல்லறை மண்டபத்தில் பெட்டியை நடுவில் வைத்திருந்தார்கள். சனம் முன்னால் வரிசையாக நின்றது. பூமி பிந்தி வந்தான். தலை முழுக்க நரை, இடுப்பில் ஒரு சத்திரசிகிச்சை, கையில் ஊன்றுகோல். கதவடியில் நின்று எல்லாவற்றையும் ஒருமுறை பார்த்தான். பிறகு வரிசையில் சேராமல், சனத்தைச் சுற்றிக்கொண்டு நடந்து, பெட்டிக்குப் பின்னால் நாலு எட்டுத் தள்ளிப் போய் நின்றான். குந்த முடியாது. ஊன்றுகோலைச் சுவரில் சாய்த்துவிட்டு, இரண்டு கைகளையும் நெஞ்சுக்கு முன்னால் விரித்துப் பிடித்தான்.

மண்டபத்து ஊழியர் அவனை முன்னால் வரும்படி கையால் அழைத்தார்.

"ஏலாது," என்றான் பூமி.

எனக்குப் பக்கத்தில் இப்போது வயிறு வைத்துவிட்ட யோகலிங்கம் நின்றான். அவன் குனிந்து என் காதில், "அக்கா, காலிலை பட்டால் அவுட்டெல்லே," என்றான். நான் சிரித்துவிட்டேன். வாயைப் பொத்தியும் நிற்கவில்லை. முன்வரிசையில் நின்ற சொந்தக்காரர் எல்லோரும் திரும்பிப் பார்த்தார்கள்.